ஒரே மூச்சில் போக வேண்டாம்: மே மாதத்தில் குழந்தைகளோடு சென்னையிலிருந்து நெல்லைக்கு

மே இரண்டாவது வாரம் வேளச்சேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் காரில் கிளம்புகிறீர்கள், ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. மூத்தவளுக்கு 6 வயது, தாம்பரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். சின்னவனுக்கு 14 மாதம். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்கிறார் மாமனார். எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போய்விடலாம் என்கிறார் உங்கள் கணவர். ராத்திரியா பகலா, ஏசியை முழு நேரமும் ஓட விடலாமா, வாந்திக்கு என்ன மருந்து, தூங்க வைக்கிற மாதிரி ஏதாவது சிரப் உண்டா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. ஏறக்குறைய 620 கிலோமீட்டரைப் பெரியவர்களின் வேகத்தில் கடக்க வேண்டும், அதுவரை பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும், அதற்கு என்ன வழி?

அதற்கு வழி இல்லை. பயணத்தைப் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டிக்கொள்ளத்தான் வழி உண்டு. சென்னையில் 22 வருஷமாகக் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். என் பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான் என்பதால் இரண்டு பிள்ளைகளோடு ஒவ்வொரு மே மாதமும் இதே ரோட்டில் போய் வந்திருக்கிறேன். கீழே சொல்வதில் பாதி படித்தது, பாதி பட்டது. எது எது என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

சிரப்பை முதலில் முடித்துவிடுவோம். தூங்க வைப்பதற்காக எந்தச் சளி மருந்தையும் கொடுக்காதீர்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. பயணத்துக்கென்று கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற புரோமெதசின் 2 வயதுக்குள் கூடவே கூடாது, சின்னக் குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடிய மருந்து அது. சின்னவனுக்கு எதுவும் வேண்டாம். அவன் வயதில் பயண வாந்தி அபூர்வம் என்பதால் தேவையும் வராது.

மூத்தவள் கதை வேறு. 2 வயதுக்கு மேல் ஆரம்பித்து, பள்ளிப் பருவத்தில் உச்சத்துக்குப் போய், பெரியவர்களாகும்போது தானாகக் குறைகிற தொல்லை இது. உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'நகரவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு புரள்கிறது. வயிற்றில் கோளாறு இல்லை என்பதால், வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு நாங்கள் எழுதித் தரும் ஒன்டான்செட்ரான் இதற்குப் பெரிதாக உதவாது. போன முறை வாங்கிய பாட்டில் ஃப்ரிட்ஜில் மீதி இருக்கிறதே என்று எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். புரோமெதசினை அவளுக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை அவளைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எடை தெரியாமல், ஆஸ்துமாவோ வலிப்போ உண்டா என்று தெரியாமல் நான் இங்கே அளவு எழுத மாட்டேன். எழுதிக் கொடுத்தால், கிளம்புகிற அன்று முதல் முறையாகக் கொடுக்காதீர்கள். மகாபலிபுரம் வரை ஒரு நாள் போய்வரும்போது கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாக முறுக்கிக்கொண்டு ஆட்டம் போடும்.

மருந்தை விட உட்காரும் இடம் முக்கியம். அவள் கண்ணுக்கு முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிய வேண்டும். 6 வயதுக் குழந்தையை வெறும் சீட்டில் உட்கார வைத்தால் தெரிவதெல்லாம் அப்பா சீட்டின் தலைசாய்ப்புதான். பூஸ்டர் சீட் போட்டால் உயரமும் கிடைக்கும், பெல்ட்டும் கழுத்தை அறுக்காமல் தோளில் உட்காரும். பின்சீட்டின் நடுவில் தோளுக்கும் சேர்த்து வருகிற பெல்ட் உங்கள் வண்டியில் இருந்தால் அந்த இடம்தான் அவளுக்கு. செல்போன், டேப், படக்கதைப் புத்தகம் எதுவும் வேண்டாம். என் மகளுக்கு 7 வயதிருக்கும்போது, வாயை மூடினால் போதும் என்று மதுராந்தகத்தில் போனைக் கையில் கொடுத்தேன். திண்டிவனம் வரைக்கும் தாங்கவில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளை!

அதற்குப் பதிலாக நம்பர் பிளேட் விளையாட்டு சொல்லிக்கொடுங்கள். விழுப்புரம் பக்கம் டிஎன் 32, பெரம்பலூரில் 46, திருச்சியில் 45, மதுரையில் 58, 59, 64, விருதுநகரில் 67 என்று வண்டிகளின் எண் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே வரும். முதல் டிஎன் 72-ஐ யார் பார்க்கிறார்களோ அவர்களுக்குக் கோவில்பட்டியில் கடலை மிட்டாய். துவரங்குறிச்சியிலேயே ஒரு நெல்லை வண்டி நம்மை முந்திக்கொண்டு போகும், "அம்மா, நம்ம ஊர் வண்டி!" என்று கத்துவாள். விளையாட்டு என்பது சாக்கு. தலை நிமிர்ந்து, கண் தூரத்தில் இருக்கிறது அல்லவா, அதுதான் வைத்தியம்.

வாந்தி வருவதற்கு முன் குழந்தை சொல்லாது, ஆனால் தெரியும். "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று நொச்சுக்கொண்டே வந்தவள் திடீரென்று அமைதியாகிவிடுவாள். கொட்டாவி, மேலுதட்டில் வியர்வை, முகம் வெளுப்பு, அப்புறம் எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பாள். அந்த எச்சில் வந்தால் கையில் ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஜன்னலை இறக்குங்கள், அடுத்த பெட்ரோல் பங்க்கிலோ லாரிகள் ஒதுங்குகிற இடத்திலோ நிறுத்துங்கள், ரோட்டோரக் கோட்டில் வேண்டாம். மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று அவள் காலடியில் இருக்கட்டும். பாலித்தீன் பையை விட ஆயிரம் மடங்கு மேல். மாற்று உடையும் ஈரத்துண்டும் டிக்கியில் எல்லாப் பெட்டிக்கும் அடியில் இருந்தால் பிரயோஜனமில்லை, சீட்டுக்குக் கீழே வையுங்கள். காருக்குள் மல்லிகை வாசனை ஜெல் ஏதாவது தொங்கினால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கழற்றி எறிந்துவிடுங்கள்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி அத்தைகள் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். இஞ்சிக்குப் பலன் உண்டா என்பதில் ஆய்வுகள் இரண்டு விதமாகவும் பேசுகின்றன. 6 வயதுப் பிள்ளை இஞ்சி மிட்டாய் சப்பினால் கெடுதல் இல்லை. மணிக்கட்டில் மாட்டுகிற பட்டைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பதற்கும் கிடையாது, ஆனால் கையில் ஒரு பழம் இருந்தால் சில பிள்ளைகளுக்குத் தைரியம் வருவதைப் பார்த்திருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும். பேப்பரை மடித்து வயிற்றோடு வைப்பது என் பாட்டியின் வழக்கம். விளக்கமும் இல்லை, ஆபத்தும் இல்லை. கற்பூரம் மட்டும் வேண்டவே வேண்டாம். கர்சீப்பில் முடிந்து கொடுத்த கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுவிட்டால் கொஞ்ச அளவிலேயே வலிப்பு வரும். 14 மாதத்தில் எல்லாமே வாய்க்குத்தான் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரியா பகலா என்பதற்கு வருகிறேன். மாமனார் சொல்வதில் பாதி சரி, பிள்ளைகள் தூங்கும்தான். ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வருமே! பகல் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு ராத்திரி 10 மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவர் பின்னிரவு 2 மணிக்கு உளுந்தூர்பேட்டையைத் தாண்டியிருப்பார். 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு தன்னால் தூக்கத்துக்கு இழுக்கிற நேரம். டீயும் பாட்டும் அதை வெல்லாது. முந்தின நாள் எட்டரைக்கே படுத்துவிட்டு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவதுதான் என் வீட்டு வழக்கம். பிள்ளைகளைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு வந்து பெல்ட் மாட்டிவிட்டால் திண்டிவனம் வரை சத்தம் வராது. அங்கே ஒரு பதினைந்து நிமிஷம். எட்டு மணிக்குள் உளுந்தூர்பேட்டை பக்கம் காலைச் சாப்பாடு, திருச்சிக்கு முன்னால் ஒரு நிறுத்தம், மதுரையை ஒரு மணிவாக்கில் தொடலாம். அங்கே சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ பார்த்துக் குளிக்க வைத்து, தரையில் பாய் போட்டு 4 மணி வரை உருள விடுங்கள். கிளம்பினால் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஊர். இது அக்னி நட்சத்திரக் காலம் என்பதால்தான் அந்த மூன்று மணி நேரத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவது என்பதை மட்டும் பேரம் பேசாதீர்கள். சின்னவனை சீட்டிலிருந்து எடுத்து, நடக்க விட்டு, டயப்பர் பார்த்து, மறுபடி உட்கார வைக்க இருபது நிமிஷம் ஆகும்.

அவனுக்கு சீட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மடியில் வைத்துக்கொள்வதாக உத்தேசம் என்றால் அதை மாற்றுங்கள். வேகத்தில் போகிற வண்டி முட்டி நின்றால் பத்துக் கிலோக் குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்துவைக்க முடியாது. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால் உங்கள் எடையே அவனை நசுக்கும். பின்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி மாட்டுகிற சீட்தான் இந்த வயதுக்குச் சரி. ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை மாட்டவே கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் வாங்குங்கள். வெயிலில் நின்ற வண்டியில் பெல்ட்டின் இரும்பு நாக்கு தோசைக்கல் மாதிரி சுடும், தொடையில் சுட்ட தடத்தோடு ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டு, மாட்டும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையும் யோசித்து உட்கார வையுங்கள். தெற்கும் தென்மேற்குமாகப் போகிற ரோடு இது. காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும், மதுரைக்கு அப்புறம் மாலை வெயில் வலப்பக்கம். சின்னவன் சீட்டை டிரைவருக்குப் பின்னால் மாட்டினால் முன்பகல் முழுக்க நிழல். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கக் கண்ணாடிக்குத் துணித் திரை போட்டால் போதும்.

ஏசி ஓடட்டும், 24-இலிருந்து 26-க்குள். காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டி, அனல் வெளியேறியதும் ஏற்றுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை மணிக்கணக்கில் அப்படியே விடாதீர்கள். ஐந்து பேர் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறி ஓட்டுகிறவருக்கு மந்தமாகும், மூத்தவளுக்குக் குமட்டும். அரை மணிக்கு ஒரு முறை சில நிமிஷம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "தூங்குறான், எழுப்ப வேண்டாம், காபி குடிச்சிட்டு வந்துடலாம்" என்று யாராவது சொல்வார்கள். நின்ற காருக்குள் பத்து நிமிஷத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும், ஏற வேண்டியதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள் ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. சின்ன உடம்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகத்தில் சூடாகும். ஐந்து நிமிஷம் என்றாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

தண்ணீரை எத்தனை மில்லி என்று அளந்து சொல்வதை விட, அரை மணிக்கொரு தரம் நாலு வாய் கொடுங்கள் என்பேன். பார்க்க வேண்டியது சிறுநீரை. ஆறு மணி நேரம் டயப்பர் நனையவில்லை என்றாலோ, மூத்தவளுக்கு அடர்மஞ்சளாகப் போனாலோ போதவில்லை என்று அர்த்தம். இங்கே ஒரு சிக்கல், அவள் வேண்டுமென்றே தண்ணீரைத் தள்ளுவாள். டோல்கேட் கழிப்பறையை ஒரு தரம் பார்த்த பெண் குழந்தை மறுபடி உள்ளே போகாது. அடக்கி அடக்கி, கொடை முடிந்து வரும்போது நீர்க்கடுப்போடு என்னிடம் வந்து நிற்கும். டிக்கியில் பிள்ளைகள் உட்கார்ந்து போகிற, மடித்து வைக்கக்கூடிய கழிப்பிருக்கை (potty) ஒன்றும், சுற்றிப் பிடிக்க ஒரு பழைய சேலையும் வையுங்கள். இதற்கு மேல் நல்ல யோசனை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

வாந்தி எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுசாக 1 லிட்டரில், சின்னது என்றால் 200 மில்லியில். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் டம்ளரில் கொட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கும், வேலை செய்வது அந்த விகிதம்தான். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். டெட்ரா பாக்கெட்டில் வரும் பழ ருசிப் பானங்கள் இது இல்லை. அவற்றின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. இளநீர் நல்லதுதான், தாகத்துக்குக் கொடுங்கள். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, வாந்தியில் போன உப்பை அது ஈடுகட்டாது.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது டம்ளர் நிறையப் பால் வேண்டாம், மூத்தவளுக்கு ஒரு ரஸ்க்கோ பாதி இட்லியோ போதும். வெறும் வயிறும் குமட்டும். நல்லெண்ணெய் தொட்டுப் பொடி தடவிய இட்லியும் புளிச்சாதமும் மதியம் வரை தாங்கும், முதலில் ஊசிப்போவது தேங்காய்ச் சட்னி. ஹோட்டலில் என்றால் கண் முன்னால் ஆவி பறக்க வருவது மட்டும். நறுக்கி வைத்த பழமும் ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம். ரோட்டோரம் நுங்கு கண்ணில் பட்டால் நிறுத்துங்கள், நம் எதிரில் சீவித் தருகிற நுங்கைப் போல மே மாதத்துக்கு வேறு ஒன்று கிடையாது. சின்னவனுக்கு விரலால் நன்றாக மசித்துக் கொடுங்கள், முழுசாக வழுக்கித் தொண்டையில் போய் உட்காரும். கடலை, முறுக்கு, முழுத் திராட்சை எதையும் ஓடுகிற வண்டியில் அவன் கைக்கு எட்ட விடாதீர்கள். பந்தயத்தில் ஜெயித்த கடலை மிட்டாயையும் மூத்தவள் ஊர் போய்ச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.

குழந்தை துவண்டு, உடம்பு அனலாகக் கொதித்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் அது வெயில் தாக்கம். பாராசிட்டமால் அதில் வேலை செய்யாது. நிழலில் கிடத்தி, உடையைக் கழற்றி, உடம்பெல்லாம் நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. மயங்கின குழந்தைக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை. விடுமுறை ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து பரனூர் டோல்கேட்டைத் தாண்டிப் பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊரும். நிறுத்த இடமில்லை, நின்று நின்று போவதில் மூத்தவளுக்கு ரோட்டைப் பார்த்தாலும் வாந்தி வரும். முடிந்தால் உங்கள் கணவரைத் திங்கட்கிழமை லீவு போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் பரனூரை ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குள் தாண்டுகிற மாதிரி, சனிக்கிழமை ராத்திரி திருச்சியில் தங்கிவிட்டு வாருங்கள்.